அமுதாவை ரோஸ் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன்

போன மாதம் நம் போட்டோகிராபர்கள் சங்கக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எழுந்து நின்று கேட்டார். "அக்கா, சினிமாவுல நடிக்கப் போறேன், போட்டோ எடுத்துக் குடுங்கன்னு இப்ப நெறைய பேரு வராங்க. அதுக்கு எந்த பேக்ரவுண்ட் வைக்கணும், லைட் ஜாஸ்தி வைக்கணுமா, கம்மியா வைக்கணுமா? நீங்கதான் அனுபவஸ்தர், சொல்லுங்க." நான் பதில் சொல்லாமல் எழுந்து டீ வாங்கப் போய்விட்டேன். அந்தம்மாவுக்குத் திமிர் என்று அவர் நினைத்திருக்கலாம். திமிர் எனக்கு உண்டுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு எழுந்து போனது திமிரால் இல்லை. நாலு பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்துதான் போனேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சிரிக்கிற மாதிரி ஒன்று. பேருந்து நிலையத்துப் பக்கம் லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு நடிக்க ஆசை. நம் ஊரில் யாரைக் கேமரா முன்னால் நிறுத்தினாலும் பின்னால் மலை வேண்டும் என்பார்கள். அவனும் கேட்டான். கிரிவலப் பாதையில் காலை வெயிலில் நிற்க வைத்து எடுத்தேன். மலை தகதகவென்று வந்தது. பையன் முகம் இருட்டில் போய்விட்டது. அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதற்குச் சென்னையில் ஒருவர், "மலை நல்லா நடிக்குதுப்பா, உன்னத்தான் காணோம்" என்றாராம். அவனே வந்து சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு இடத்தில் நிறுத்தித் திரும்ப எடுத்துக் கொடுத்தேன், கதை முடிந்தது.

திரும்ப எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடுகிற தப்பெல்லாம் தப்பே இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

என் மாமனார் ஆரம்பித்த ஸ்டுடியோ அது. கல்யாணமாகி வந்த புதிதில், பெண் பிள்ளைகளைப் படம் எடுக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்று அவர்தான் என் கையில் கேமராவைக் கொடுத்தார். எங்கள் கடைக்குப் பிழைப்பே வரன் போட்டோதான். மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகத்தோடு அனுப்புகிற படம். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பின்னால் ரோஸ் நிறத் திரை. இரண்டு பக்கமும் குடை விளக்கு. பெண்ணின் மடியில், படத்தில் தெரியாதபடி, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. முகத்தில் ஒரு இடத்தில்கூட நிழல் இருக்காது. மாநிறம் சிவப்பாகும், கறுப்பு மாநிறமாகும். "லைட்டு நம்ம கையில இருக்குதும்மா, கஞ்சத்தனம் பண்ணாத. வெள்ளையா தெரிஞ்சாதான் ஜாதகத்தையே பிரிப்பாங்க" என்பார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நானும் புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பெண்களும் அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள் என்பதை நான் கவனித்ததுகூட இல்லை.

அப்படி ஒரு நாள் அம்மாவோடு வந்தவள்தான் அமுதா. அடி அண்ணாமலைப் பெண், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல கறுப்பு. அகலமான கன்னம். சின்ன வயதில் கிணற்று மேட்டில் விழுந்து இடது புருவத்தில் ஒரு வெட்டு, அந்த இடத்தில் முடி முளைக்காமல் கோடு மாதிரி இருக்கும். நான் என் கைவரிசையைக் காட்டினேன். கன்னம் போனது, கோடு போனது, கறுப்பும் போனது. அவள் அம்மாவுக்குப் பரம சந்தோஷம். அமுதா மட்டும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபி குடித்தார்கள். அந்தப் பையனின் அத்தை பையிலிருந்து என் போட்டோவை எடுத்து, அமுதாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாளாம். "போட்டோவுல இருக்கிற பொண்ணு உள்ள இருக்குதா?" என்று கேட்டாளாம். அடுத்து வந்த இரண்டு வரன்களும் அதே மாதிரிதான் முடிந்தன. அதற்குப் பிறகு அமுதா யார் முன்னாலும் போய் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இதையெல்லாம் அவள் அம்மா காய்கறிக் கடையில் வைத்து என்னிடம் சொன்னபோது நான் அந்த அத்தையைத் திட்டித் தீர்த்தேன். என் விளக்கின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம் போனது. ஒரு நாள் மத்தியானம் கடைப் புடவையோடு அமுதா வேகவேகமாக உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் மின்னியது.

விஷயம் இதுதான். செங்கம் சாலையில் ஒரு விடுதியில் தங்கிக் கதை எழுதிக்கொண்டிருந்த சினிமா உதவி இயக்குநர் ஒருவர் வேட்டி எடுக்க அவள் கடைக்குப் போயிருக்கிறார். அந்த நேரம் ஒரு வாடிக்கைக்காரம்மா, கட்டுக் கட்டாகப் புடவையைக் கலைத்துப் போட்டுவிட்டு அமுதாவை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். அமுதா ஒரு வார்த்தை பேசாமல், முகத்தில் ஒன்றையும் காட்டாமல், ஒவ்வொரு புடவையாக மடித்திருக்கிறாள். அந்தம்மா போனதும் பக்கத்துப் பெண்ணிடம் அந்தம்மா மாதிரியே பேசி நடித்துக் காட்டியிருக்கிறாள். அது அவளுக்கு வழக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மாடியில் வேலை பார்க்கிற பெண்களெல்லாம் டிபன் பாக்ஸோடு அமுதாவைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம், இன்றைக்கு யார் மாதிரி பண்ணப் போகிறாள் என்று. உதவி இயக்குநர் இரண்டையும் பார்த்துவிட்டார். செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு தாய் வேடம், படம் முழுக்க வருவது, அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், ஒரே ஒரு போட்டோ அனுப்புங்கள், டைரக்டர் பார்த்து முடிவு செய்வார் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமாம்க்கா. அரை நாளு பர்மிஷன் கேட்டேன், ஒரு மணி நேரம்தான் குடுத்தாங்க. அக்கா, ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு எடுத்த மாதிரி வேணாம். நான் எப்டி கீறேனோ அப்டியே எடுங்க."

"சரிடி, எடுக்கிறேன்" என்றேன்.

அவள் போனில் அந்த மனிதர் அனுப்பிய குரல் செய்தியையும் போட்டுக் காட்டினாள். "மேக்கப் வேணாம்மா. ஸ்டுடியோ லைட்டெல்லாம் வேணாம். ஏதாவது ஒரு சுவர் முன்னாடி, ஜன்னல் வெளிச்சத்துல நின்னா போதும்." எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக விளக்கு வைக்கிறவளிடம் விளக்கு வைக்காதே என்று சொல்ல இவன் யார்? வெளியில் சொல்லவில்லை. மனதில் அப்படித்தான் ஓடியது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. அமுதாவைப் பின்கதவோரம் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன். கதவுக்கு வெளியே சின்ன முற்றம், நேரே வெயில் படாது. உள்பக்கம் அவளுக்குப் பின்னால் பூசிப் பாதி உதிர்ந்துபோன சிமெண்ட் சுவர். அவளுக்குப் போன் வந்தது. கடைச் சூப்பர்வைசர். எங்கே இருக்கிறாய், எத்தனை நேரம் என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. "வந்துடறேன் சார். இன்னும் அரை மணி நேரம் சார். ப்ளீஸ் சார்." வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கெஞ்சிய வெட்கம், அதற்கு மேல் ஒரு கோபம், அதற்கும் அடியில் இன்னும் போகாத அந்த ஆசை, எல்லாம் அப்படியே முகத்தில் நின்றன. கதவு வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுந்தது. கன்னம் செதுக்கின மாதிரி தெரிந்தது, புருவத்துக் கோடு தெரிந்தது. வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் ஒரு தடவை அழுத்தினேன். ஒன்றே ஒன்று.

கரண்ட் வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "வா, வா, உள்ள வா" என்று அவளை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். எங்கே? ரோஸ் திரைக்கு முன்னால்தான். குடை விளக்கு இரண்டும் எரிந்தன. தெர்மாகோல் அட்டையை மடியில் வைத்ததும் அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது கொஞ்சமாத்தான் வைப்பேன், கவலைப்படாத" என்றேன். வெட்கங்கெட்ட கை. அதற்குக் கொஞ்சம் என்றால் என்னவென்றே தெரியாது. வழக்கம் போலவே எடுத்து முடித்தது.

மணி நாலு ஆகிவிட்டது. அவள் ஓட வேண்டும். "எது நல்லா இருக்குதோ அத நீங்களே அனுப்பிடுங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?" என்று நம்பரை எழுதி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

இப்போது நன்றாகக் கேளுங்கள், இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எது அமுதா என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கதவோரப் படத்தைப் பெரிதாக்கினேன். அந்த முகத்தை என்னால் ஐந்து நிமிடம் நேராகப் பார்க்க முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடமும் அதில் இருந்தது. பின்னால் உதிர்ந்த சுவர் வேறு. படத்தின் மூலையில் எங்கள் கடைப் பெயர் வரும். சென்னையில் பார்க்கிறவன், இதென்ன கடை, ஒரு திரைகூடவா இல்லை என்று நினைப்பானே! என் கடை மானத்தைத்தான் நான் நினைத்தேன். அவளுக்காக நினைத்ததாகச் சொல்லிக்கொண்டேன். பாவம், ஒரு தடவையாவது அழகாகப் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரோஸ் திரைப் படத்தை அனுப்பினேன்.

நாலு நாள் கழித்துச் சென்னைக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. அமுதா ஜாங்கிரியோடு வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா என் லைட்ட? சூப்பர் லைட்டு!" என்று பீற்றிக்கொண்டேன். எந்தப் படத்தை அனுப்பினேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு ஜாங்கிரி தின்றேன்.

போய் வந்த மறுநாள் காலை, கடை திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்தாள். அழவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"சூளைக்காரம்மா வேசத்துக்குக் கூப்புடலக்கா. அதுக்கு வேற ஆளு போட்டு ஷூட்டிங்கே ஆரம்பிச்சிட்டாங்களாம். என்னைக் கூப்ட்டது பேங்க்ல வேலை செய்ற ஒரு அம்மா வேசத்துக்காம். போனேன். அங்க ஒரு பொண்ணு போன்ல போட்டோவப் பாத்துகினே, இவங்க வரலையான்னு கேட்டுச்சு. நான்தாங்க அதுன்னேன். போன என் மூஞ்சிக்குப் பக்கத்துல புடிச்சிதுக்கா. இதையும் அதையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு."

மேலே சொல் என்றேன்.

"அப்புறம் வேற ஒருத்தர் வந்து, இதெல்லாம் ஏம்மா இப்டி ஏமாத்துறீங்கன்னாரு. அந்த வேட்டி வாங்குன சாருக்குப் போன் போட்டேன், எடுக்கல. ஷூட்டிங்ல இருப்பாரு. மத்தியானம் வரைக்கும் வெளிய நின்னேன். அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தவங்களாவது நம்ம காபியக் குடிச்சிட்டுப் போனாங்க. இவங்க ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கலக்கா."

கம்ப்யூட்டரைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை, மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாமல்தான் இருக்க வேண்டும். கதவோரப் படத்தை அவளுக்குக் காட்டினேன். அவள் கிட்டே வந்து, திரையைத் தொடாமல், புருவத்துக் கோட்டுக்கு நேராக விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தீங்க?"

"கரண்ட் போனப்ப."

"இதுதான நான்?"

"ஆமாம்மா."

"இது கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்துமா அனுப்பல?"

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். கடைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அன்றைக்கே அந்தப் படத்தை உதவி இயக்குநருக்கு அனுப்பினேன். மத்தியானம் அவர் குரல் செய்தி வந்தது. "ஐயோ மேடம், இத ஏன் அப்ப அனுப்பல? இந்த முகத்தத்தான் டைரக்டர் ரெண்டு மாசமா தேடினாரு. நீங்க அனுப்பினதப் பாத்து, ஊர்ல பாத்தது வேற, போட்டோ வேறன்னு நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. இப்ப காட்டினேன், தலையில கைய வச்சிகினு உக்காந்துட்டாரு. நாலு நாள் எடுத்தாச்சு மேடம், இனிமே மாத்த முடியாது."

இதை அமுதாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும். அவளுக்கு என்ன கிடைக்கும்? கடையில் புடவை மடிக்கிற ஒவ்வொரு நாளும் அது அவள் கூடவே நிற்கும். சொல்லாமல் இருப்பதும் தப்பாக இருக்கலாம். நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

எந்த பேக்ரவுண்ட் என்று கேட்ட தம்பிக்கு: ஊரில் எந்தச் சுவரும் போதும், அந்த முகத்தை விட்டுக் கண்ணை இழுக்காமல் இருந்தால். எந்த லைட் என்றால், அந்த ஆள் நேரில் வந்து நிற்கும்போது யாரும் போட்டோவைப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காதபடி ஒரு லைட். வரன் போட்டோவில் நாம் ஒளித்தது எதுவோ, நடிக்கப் போகிறவருக்கு அதுதான் கைமுதல். இரண்டு படம் கையில் இருந்து எதை அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது, யார் மானத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ள நான் எந்த விலையும் கொடுக்கவில்லை. கொடுத்தவள் அவள்.

ரோஸ் திரையைக் கிழித்து லென்ஸ் பெட்டி துடைக்க வைத்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் கடையையும் மூடினேன். மனம் வெறுத்து மூடினேன் என்றால் பொய், முழங்கால் வலி. மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அமுதா ஒரு தடவை வந்தாள். ஜவுளிக் கடையில் எல்லோருக்கும் புது அடையாள அட்டை போடுகிறார்களாம், பாஸ்போர்ட் அளவு படம் வேண்டும் என்றாள். அவளுடன் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள், அமுதா இப்போதெல்லாம் யார் மாதிரியும் நடித்துக் காட்டுவதில்லை, சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று.

நான் ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். அதே இடத்தில் அதே ஸ்டூலைப் போட்டேன். பின்னால் வெள்ளைத் துணி கட்டினேன், அடையாள அட்டைக்கு அது வேண்டும். விளக்கு ஒன்றும் போடவில்லை. அன்றைக்கு வந்த அதே நேரம், அதே வெளிச்சம்.

"எப்படி எடுக்கட்டும் அமுதா?" என்றேன்.

"எப்டி வேணா எடுங்கக்கா."

எடுத்தேன். வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. கன்னம் இருந்தது, புருவத்துக் கோடு இருந்தது. கதவோரத்தில் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தவளை மட்டும் அந்தப் படத்தில் காணவில்லை. இன்னொன்று எடுத்தேன், இன்னொன்றும் எடுத்தேன்.

எட்டுப் பிரதி போட்டு, வெட்டி, கவரில் வைத்து நீட்டினேன். "சரியா வந்திருக்குதா பாரும்மா" என்றேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை.